அறுந்தாலும் தொடரும் இணைப்பு

சென்ற பருவத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு நேரடி வினாடி வினா ஒன்று நடத்தினேன். செயலி நானே எழுதியது. குழுவுக்கு ஒரு டேப்லெட், 10 வினாக்கள். ஐந்தாம் வினாவின்போது மின்தடையால் வைஃபை நின்று, சிறிது நேரத்தில் மீண்டும் வந்தது. சில குழுக்கள் செயலியை மூடித் திறந்தன. கடைசிக் குழு அப்படியே தொடர்ந்தது. முடிவில் அக்குழுவுக்கு 4 மதிப்பெண். "பத்துக்கும் விடை போட்டோம் சார்" என்றாள் ஒரு மாணவி. டேப்லெட்டைப் பார்த்தேன்; பத்தும் இருந்தன. பிழை என் நிரலில்.

இணைப்பு ஏன் அறுகிறது?

வழக்கமான இணையப் பக்கம் கடிதம் போன்றது: கேட்டால்தான் பதில் வரும். வெப்சாக்கெட் தொலைபேசி அழைப்பு போன்றது: இணைப்பு திறந்தே இருக்கும், இரு பக்கமும் எப்போதும் பேசலாம். 2011இல் தரப்படுத்தப்பட்ட இந்நெறிமுறை உடனடி உரையாடல், நேரடி வினாடி வினா போன்றவற்றுக்கு ஏற்றது.

ஆனால் கைப்பேசி ஓரிடத்தில் நிற்பதில்லை. வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினால் ஐ.பி. முகவரி மாறும், பழைய இணைப்பு பயன்படாது. செயலி பின்னணிக்குப் போனால், மின்கலத்தைச் சேமிக்க இயங்குதளம் அதை நிறுத்தி வைக்கலாம். சில நேரம் இணைப்பு அறுந்தது இரு பக்கத்துக்கும் உடனே தெரியாது. என் செயலியோ, அனுப்பியதெல்லாம் சேர்ந்துவிட்டதாகவே எண்ணிக்கொண்டது.

நிரலில் செய்த திருத்தங்கள்

1. நாடித்துடிப்பு: 25 நொடிக்கு ஒருமுறை 'பிங்' அனுப்பி 'பாங்' பதிலை எதிர்பார்த்தல். பதில் இல்லையெனில் இணைப்பு அறுந்ததாகக் கொள்ளுதல்.

2. பொறுத்து முயலுதல்: மறு இணைப்புக்கு 1, 2, 4, 8 நொடி என இடைவெளியை இரட்டித்தல். அதனுடன் சமவாய்ப்பு முறையில் சிறு தாமதம் சேர்த்தால், எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் சர்வரை மொய்க்கா.

3. ஒப்புகை: பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை போலத்தான். ஒவ்வொரு விடைக்கும் எண் கொடுத்து, சர்வரின் ஒப்புகை வரும்வரை கருவியிலேயே வைத்திருந்து, இணைப்பு வந்ததும் மீண்டும் அனுப்புதல். ஒரே எண் இருமுறை வந்தால் சர்வர் ஒன்றை மட்டும் ஏற்கும்.

வகுப்பறைச் செயல்பாடு (15 நிமிடம்)

கருவி தேவையில்லை. ஒரு மாணவர் 1 முதல் 10 வரை எண்ணிட்ட சீட்டுகளை, நடுவில் நிற்கும் 'தபால்காரர்' வழியாக மற்றொருவருக்கு அனுப்பட்டும். தபால்காரர் விரும்பிய சீட்டுகளை மறைத்துக்கொள்ளலாம். முதல் சுற்றில் ஒப்புகை கிடையாது. இரண்டாம் சுற்றில், பெற்றவர் ஒவ்வொரு சீட்டுக்கும் ஒப்புகைச் சீட்டு திருப்பி அனுப்ப வேண்டும். ஒப்புகை வராத சீட்டைப் படியெடுத்து மீண்டும் அனுப்பலாம். இரு சுற்றிலும் சேர்ந்தவற்றை எண்ணி ஒப்பிடச் செய்யுங்கள். பிறகு கேளுங்கள்: "7ஆம் சீட்டு சேர்ந்து, அதன் ஒப்புகை மட்டும் தொலைந்தால் என்ன ஆகும்?" எண்ணிடுவதன் தேவையை மாணவர்களே கண்டுபிடிப்பார்கள்.

திருத்திய பின் அதே வினாடி வினாவை மீண்டும் நடத்தினேன். நடுவில் நானே ரூட்டரின் இணைப்பைப் பிடுங்கிச் செருகினேன். எல்லாக் குழுக்களின் விடைகளும் வந்து சேர்ந்தன. இப்போது என் மதிப்பெண் பட்டியலில் 'தவறு' என்பதற்கு ஒரு பத்தியும், 'வந்து சேரவில்லை' என்பதற்குத் தனியாக இன்னொரு பத்தியும் உள்ளன.