பெரிய ஜாதி நாய்க்குட்டியின் ஆகாரம்

பிறக்கும்போது அரைக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட எடையே கொண்டிருந்து, ஒன்றரை வயதுக்குள் 50, 60 கிலோவை எட்டிவிடுகிற கிரேட் டேன் நாயின் சரீரத்தில், மனிதக் குழந்தைக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கின்ற எலும்பு வளர்ச்சி முழுவதும் சில மாதங்களுக்குள் நடந்தேற வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்ட குட்டி ஒன்றை எங்கள் வீட்டில் வளர்த்த காலத்தில் நான் அறிந்துகொண்ட விஷயங்களுள் தலையாயது, அதை மெதுவாக வளரவிடும் ஆகாரமே அதற்கு உகந்த ஆகாரம் என்பதுதான்.

குட்டியைக் கொடுத்தவர், கூடவே கால்சியம் மருந்து ஒரு புட்டியையும் கொடுத்து, தினம் இரண்டு வேளை பாலில் கலந்து ஊற்றாவிட்டால் கால் வளைந்துவிடும் என்று எச்சரித்து அனுப்பினார். வீட்டுக்கு வந்து பார்த்த உறவினர்களும் அன்பின் மிகுதியால் கோழி ஈரல், முட்டை, பால்சோறு என்று ஆளுக்கொன்றைச் சிபாரிசு செய்தார்கள். தடுப்பூசிக்காகக் குட்டியைக் கொண்டுபோனபோது, நாங்கள் வாங்கியிருந்த ஆகாரப் பையின் விவரத்தை நிதானமாகப் படித்துப் பார்த்த கால்நடை வைத்தியர், "சார், இந்தச் சாப்பாட்டிலேயே வேண்டிய கால்சியம் இருக்கு, இதுக்கு மேலே ஒரு சொட்டுகூடக் கொடுக்காதீங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்று முதல் அந்தப் புட்டியை நாங்கள் தொடவில்லை.

அவர் சொன்னதற்குத் தக்க காரணம் உண்டு. வளர்ந்த நாயின் குடல் தனக்குத் தேவையான அளவு கால்சியத்தை ஏற்றுக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிடும் சக்தி படைத்தது. ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டிக்கோ அந்தச் சக்தி இன்னும் முழுமையாகக் கைகூடுவதில்லையாதலால், கொடுத்ததில் பெரும்பகுதி ரத்தத்தில் சேர்ந்து, குருத்தெலும்பு முறையாக எலும்பாக மாறுகின்ற கிரியையையே குலைத்துவிடுகிறது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் கிரேட் டேன் குட்டிகளுக்கே 1.1 சதவீதத்துக்குப் பதிலாக 3.3 சதவீதம் கால்சியம் கொண்ட ஆகாரத்தைக் கொடுத்துப் பரிசோதித்து, எலும்பு வளர்ச்சி கெடுவதைக் கண்டு 1985-ல் வெளியிட்டார்கள். கால் வளையாமலிருக்க வேண்டுமென்று ஊற்றுகிற மருந்தே காலை வளைக்கக்கூடும் என்பதை நினைக்கும்போது, நல்லெண்ணத்தோடு அதைக் கொடுத்துவரும் எத்தனையோ குடும்பங்களுக்காக என் மனம் வருந்துகிறது.

கால்சியத்துக்கு நிகரான அபாயம் அளவு மீறிய ஆகாரம். எலும்பு முதிர்வதற்கு முன்னால் உடல் கனத்துவிட்டால், அந்தப் பாரம் முழுவதையும் இளங்குருத்தெலும்பு தாங்க நேரிடுகிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்து 1974-ல் வெளியான ஆராய்ச்சியில், வேண்டிய மட்டும் உண்ணவிடப்பட்ட கிரேட் டேன் குட்டிகளே, அளவாக உண்டவற்றைக் காட்டிலும் எலும்புக் கோளாறுகளுக்கு அதிகமாக ஆளாயின. 48 லாப்ரடார் நாய்களை இணை இணையாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிடக் கால் பங்கு குறைவாக ஆயுள் முழுவதும் உணவிட்டுப் பார்த்த மற்றோர் ஆராய்ச்சியின் முடிவு 2002-ல் வெளிவந்தது. குறைவாக உண்டவை ஏறத்தாழ 1.8 ஆண்டுகள் அதிகமாக வாழ்ந்தன. புரதம் மிகுந்தால் எலும்பு கெடும் என்று பலர் இன்றும் நம்புகிறார்கள். 1991-ல் கிரேட் டேன் குட்டிகளிடமே அதைச் சோதித்தபோது அந்த அபிப்பிராயத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆகவே புரதத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை.

பையைத் தேர்ந்தெடுக்கும்போது முன்பக்கத்துப் படத்தைப் பார்ப்பதை விடுத்து, பின்பக்கத்துச் சிறிய எழுத்துகளைப் படியுங்கள். பெரிய ஜாதிக் குட்டிகளின் வளர்ச்சிக்கானது என்ற குறிப்பு அங்கே இருக்க வேண்டும். வளர்ந்தபின் சுமார் 32 கிலோவையோ அதற்கு மேலோ எட்டக்கூடிய குட்டிகளுக்கு, ஈரம் நீக்கிய கணக்கில் கால்சியம் 1.2 சதவீதத்துக்குக் குறையாமலும் 1.8 சதவீதத்துக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சங்கத்தின் வரையறை. சில பைகளில் குறைந்தபட்ச அளவை மட்டும் அச்சிட்டிருப்பார்கள். அப்போது உயர்ந்த அளவு என்னவென்று தயாரிப்பாளருக்கு எழுதிக் கேட்கத் தயங்க வேண்டாம்.

வீட்டிலேயே சமைத்துப் போட விரும்புவோருக்கு நேர் எதிரான ஆபத்து ஒன்று காத்திருக்கிறது. இறைச்சியில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியமோ சொற்பம். சோற்றிலும் கால்சியம் குறைவுதான். ஆகவே வெறும் சோறும் கோழிக்கறியும் தின்று வளரும் குட்டியின் சரீரம் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தைக் கரைத்து எடுத்துக்கொள்ளத் தொடங்கி, எலும்பு மெலிந்து முறியும் நிலை ஏற்படலாம். வீட்டுச் சமையலே வேண்டுமென்பவர்கள், குட்டியின் வயதுக்கும் எடைக்கும் ஏற்றபடி வைத்தியர் வகுத்துத் தரும் அளவுகளை அனுசரிப்பதே உசிதம். வெங்காயமும் பூண்டும் திராட்சையும் சாக்லேட்டும் நாய்க்கு விஷமென்பதையும், வேகவைத்த எலும்பு சிம்பாய்ப் பிளந்து குடலைக் குத்தும் என்பதையும் வீட்டிலுள்ள அனைவரிடமும் சொல்லிவையுங்கள்.

நாங்கள் தட்டை எப்போதும் நிரப்பி வைக்காமல், ஆகாரத்தைத் தராசில் நிறுத்து, நாலு மாதம் வரை நாலு வேளையாகவும், ஆறு மாதம் வரை மூன்று வேளையாகவும், பிறகு இரண்டு வேளையாகவும் பிரித்துக் கொடுத்தோம். பையில் அச்சிட்ட அளவைவிட நம்பத்தக்க பிரமாணம் நம் கையே: விலாவைத் தடவினால் எலும்புகள் சிரமமின்றி விரலுக்குத் தட்டுப்பட வேண்டும்; மேலிருந்து பார்த்தால் இடுப்புச் சுருக்கம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அளவைக் குறையுங்கள். பழைய ஆகாரத்திலிருந்து புதியதற்கு மாற்றுவதானால், ஏழு முதல் பத்து நாட்களில் சிறிது சிறிதாகக் கலந்து மாற்றுங்கள். ஆழ்ந்த மார்புடைய இந்த ஜாதிக்கு வயிறு உப்பித் திருகிக்கொள்ளும் அபாயம் உண்டாதலால், உண்டவுடன் ஓடவிடாதீர்கள்.

குட்டிக்குரிய ஆகாரத்தை ஒன்றரை வயது வரையேனும் தொடருங்கள். இதற்கிடையில் அது என்றேனும் நொண்டினாலோ, முன்கால் வளைவதாகத் தோன்றினாலோ, சத்துப் போதவில்லை என்று நீங்களாக முடிவு செய்து ஆகாரத்தைக் கூட்டாமல், அன்றைக்கே கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.