குட்டி பிழைக்குமா என்பது தாயின் முதுகில் தெரியும்



நம்மில் பலருக்குக் கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் சொந்தக்காரங்க இருக்கிறாங்க. 1958, 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு லயத்தை விட்டுப் போய், வன்னியில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் அவை. 2009-இல் போர் முடிந்தபோது பட்டியில் ஒரு ஆடு மாடும் மிஞ்சாமல் நின்றவர்கள் அவர்களில் அநேகம். மீள்குடியேறிய பிறகு இரண்டு ஆடு, மூன்று ஆடு என்று திரும்பவும் தொடங்கினார்கள். இந்தப் பாடம் முக்கியமாக அங்கே செம்மறி வளர்ப்பவர்களுக்கு. இங்கே லயத்துக்குப் பின்னால் வெள்ளாடு கட்டியிருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். போனில் பேசும்போது அவங்களுக்கும் சொல்லுங்க.

2022 டிசம்பரில் மண்டோஸ் புயலோடு குளிர்காற்று வீசியது ஞாபகம் இருக்கும். வடக்கிலும் கிழக்கிலும் இரண்டொரு நாளில் நூற்றுக்கணக்கான மாடும் ஆடும் செத்து விழுந்தன. ஏதோ தொற்றுநோய் என்றுதான் முதலில் பயந்தார்கள். பரிசோதித்த பிறகு, குளிர் தாங்காமல் செத்தன என்று அதிகாரிகள் சொன்னார்கள். அடுப்பில் விறகு இருந்தால்தானே சூடு இருக்கும்? ஆட்டுக்கு விறகு, அதன் உடம்பில் உள்ள சதையும் கொழுப்பும், வயிற்றில் உள்ள தீனியும். மெலிந்த ஆடு குளிரில் முதலில் விழும். அதற்கும் முன்னால் விழுவது, மெலிந்த தாய் போட்ட குட்டி.

குட்டி செத்தால் "கண்பட்டுப் போச்சு", "பனி பிடிச்சது" என்கிறோம். உண்மையில் பல குட்டிகளின் விதி, அவை பிறப்பதற்கு ஆறு கிழமைக்கு முன்பே எழுதப்பட்டு விடுகிறது. செம்மறியின் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள், அதாவது ஐந்து மாதம். குட்டியின் நிறையில் நூற்றுக்கு எழுபது பங்கு கடைசி ஆறு கிழமையில்தான் ஏறுகிறது. தாயின் மடியில் பால் ஊறத் தொடங்குவதும் அப்போதுதான். நம்ம கிளினிக்கில் கர்ப்பிணித் தாய்மாருக்குத் திரிபோஷா கொடுப்பது ஏன் என்று உங்களுக்குத் தெரியும். பிறக்கும் பிள்ளை நிறை குறையக் கூடாது, தாய்க்குப் பால் வேண்டும். ஆட்டுக்கும் கணக்கு அதேதான்.

சரி, ஆடு மெலிவா, தெம்பா என்று எப்படித் தெரியும்? தூரத்தில் நின்று பார்த்தால் ஏமாந்து போவீர்கள். சினை வயிறு பெரிதாக இருக்கும், ஆடு கொழுத்த மாதிரித் தெரியும். கை வைத்துத்தான் பார்க்க வேண்டும். கடைசி விலா எலும்புக்குப் பின்னால், இடுப்புக்கு முன்னால், முதுகெலும்பின் மேல் விரலை வைத்து அழுத்துங்கள். இப்போது உங்கள் இடது கையைப் பொத்திப் பிடித்து, விரல் முட்டிகளைத் தடவிப் பாருங்கள். ஆட்டின் முதுகு அப்படிக் கூராக இருந்தால் அது மெலிவு. கையை விரித்துப் புறங்கை விரல்களைத் தடவுங்கள். எலும்பு இருப்பது தெரிகிறது, ஆனால் குத்தவில்லை. அதுதான் நல்ல அளவு. உள்ளங்கை மேடு மாதிரி மெத்தென்று இருந்தால் கொழுப்பு அதிகம். தராசு வேண்டாம், காசு வேண்டாம். ஆடு வளர்ப்போருக்குப் பயிற்சி வைத்தால் முதல் நாளே, கரும்பலகைக்கு முன்னால் அல்ல, பட்டிக்குள் நின்று இதைத்தான் பழக்க வேண்டும் என்பது என் எண்ணம். சின்னப் பிள்ளைகள் பெரியவர்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.

அடுத்தது காலம். வன்னியில் கிடாய் வருடம் முழுக்கப் பட்டியோடு சேர்ந்து திரிவதுதான் வழக்கம். அதனால் குட்டி நினைத்த நேரத்தில் விழுகிறது. ஆவணி புரட்டாசி வறட்சியில் விழுந்தால் தாய்க்குப் புல் இல்லை, மடியில் பால் இல்லை. கார்த்திகை மழையில் விழுந்தால் நனைந்து விறைக்கும். கிடாயைப் பிரித்துக் கட்டி வைத்து, ஆவணி பிறக்கும்போது விட்டுப் பாருங்கள். ஐந்து மாதம் எண்ணினால் தைப்பொங்கல் வருகிறது! பெருமழை ஓய்ந்திருக்கும். மாசி பங்குனியில் காலபோக நெல் அறுத்த வயலில் தாய்க்கு மேய்ச்சல் கிடைக்கும், குட்டிக்குப் பால் கிடைக்கும். செம்மறி சினைப்படாவிட்டால் சுமார் 17 நாளைக்கு ஒருமுறை திரும்பப் பருவத்துக்கு வரும். ஆகவே ஆறு கிழமை கிடாயை விட்டால் போதும். ஐந்தாறு ஆடு மட்டும் வைத்திருப்பவர்கள் அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து ஒரு நல்ல கிடாயை வைத்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கிடாய் விடும் காலம் காய்ச்சல் காலம். மெலிந்த ஆடு சினை பிடிக்காது. அதனால் ஆடி நடுவிலிருந்தே மூன்று கிழமைக்குக் குழையும் கொஞ்சம் தவிடும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வேலியில் நிற்கும் கிளிசிரிடியா, இப்பில் இப்பில், பூவரசு, பலா எல்லாம் நல்ல குழை. கிளிசிரிடியாவை வெட்டி அரை நாள் வாடவிட்டுப் போட்டால் மணம் குறையும், பழகாத ஆடும் தின்னும். இப்பில் இப்பில் மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

கடைசி ஆறு கிழமைக்கு வருவோம். இது கார்த்திகை நடுவிலிருந்து மார்கழி முழுக்க. ஊரெல்லாம் பச்சையாக இருக்கும், ஆனால் வயலில் பயிர் நிற்பதால் ஆட்டை விட முடியாது. மழை நாளில் பட்டியே திறக்கப்படாது. அதோடு இரட்டைக் குட்டி சுமக்கும் ஆட்டின் வயிற்றில் இடம் குறைவு. வைக்கோலால் நிரப்பினால் வயிறு நிறையும், தெம்பு வராது. 25 கிலோ ஆட்டுக்கு ஒரு நாளைக்கு இரண்டரைக் கிலோ அளவு பச்சைத் தீனி, அதோடு தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் கலந்து 200 கிராம் கொடுங்கள். ஒரு மீன் டின்னில் எத்தனை கிராம் பிடிக்கிறது என்று கடைத் தராசில் ஒருதடவை நிறுத்துப் பார்த்தால், பிறகு டின்னாலேயே அளக்கலாம். இதை ஒரே நாளில் கொட்டாமல், ஒரு கிழமையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

இந்தக் காலத்தில் சினை ஆட்டை ஒரு நாள்கூடப் பட்டினி போடக் கூடாது. பட்டினி கிடந்தால் தன் உடம்புக் கொழுப்பையே அளவுக்கு மீறிக் கரைக்கும், அந்தக் கழிவு இரத்தத்தில் சேர்ந்து நஞ்சாகும். ஆடு தனியே ஒதுங்கி நிற்கும், தின்னாது, கண் தெரியாதது போல முட்டி மோதும், பிறகு படுத்துவிடும். படுத்த பிறகு காப்பாற்றுவது கஷ்டம். ஒதுங்கி நிற்கும்போதே கால்நடை வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

கீழ் இமையையும் இழுத்துப் பாருங்கள். சிவப்பு என்றால் நல்லது. வெளுத்திருந்தால், தாடைக்குக் கீழே வீங்கியிருந்தால், குடற்புழு இரத்தத்தை உறிஞ்சுகிறது. குட்டி போடும் காலத்தை ஒட்டிப் புழுவின் தொல்லை கூடும். சில புழு மருந்துகள் இளஞ்சினைக்கு ஆகாது, ஆகவே வைத்தியரைக் கேட்டே கொடுங்கள்.

குட்டி விழுந்ததும் மூக்கு, வாய்ச் சளியைத் துடைத்து, கொப்பூழில் அயடின் தடவி, காய்ந்த இடத்தில் விடுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போக வேண்டும். "கெட்டியான பால், வயிற்றுக்கு ஆகாது" என்று அதைக் கறந்து ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஊற்றுவது பால் இல்லை, குட்டியின் தடுப்பு மருந்து. ஒரு நாள் கழிந்தால் அந்தச் சக்தியைக் குட்டியின் குடல் ஏற்காது. எழும்ப மாட்டாத குட்டிக்குக் கறந்து கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுங்கள். தாய் செத்துப்போனால் அன்று ஈன்ற வேறு ஆட்டின் சீம்பால் ஆகும்.

கடைசியாகச் செம்புச் சத்து. மாட்டுக்கென்று விற்கும் தாதுக் கலவையைச் செம்மறிக்குப் போடாதீர்கள். அதில் உள்ள செம்பை மாடு தாங்கும், செம்மறி தாங்காது. அது ஈரலில் சேர்ந்துகொண்டே வந்து ஒருநாள் திடீரென்று ஆட்டைக் கொன்றுவிடும். இது நம்ம தோட்டத்துக்கும் உள்ள எச்சரிக்கை. தேயிலையில் கொப்புள நோய்க்கு அடிக்கும் மருந்துகளில் செம்பு கலந்தவை உண்டு. செம்மறி வைத்திருக்கிறவர்கள் மருந்து அடிக்கிற மலையில் புல் அறுக்க வேண்டாம். வெள்ளாடு கொஞ்சம் தாங்கும் என்றாலும், எந்த மலைக்கு எப்போது மருந்து அடித்தார்கள் என்று கங்காணியிடம் கேட்டுக்கொண்டு அரிவாளை எடுங்கள்.