சேலைக்கடைக் கணக்குக்கு ஒரு மெனு

கேள்வி: பிரிக்பீல்ட்ஸில் சேலைக்கடை வைத்திருக்கிறோம். சரக்கு, பில் எல்லாம் மைக்ரோசாஃப்ட் அக்சஸில்தான். வேலையாட்கள் டேபிளையே திறந்து எதையாவது மாற்றிவிடுகிறார்கள். மெனு அமைப்பது எப்படி?

பதில்: அக்சஸ் 2010 முதல் நேவிகேஷன் ஃபார்ம் இருக்கிறதம்மா. கிரியேட் பகுதியில் நேவிகேஷனை அழுத்தி, 'ஆட் நியூ' என்ற இடத்தில் உங்கள் ஃபார்ம், ரிப்போர்ட்டுகளை இழுத்துப் போடுங்கள். ஒவ்வொன்றும் பொத்தானாகிவிடும். டேபிள் அதில் ஏறாது. உங்களுக்கு வேண்டியதும் அதுதானே!

பிறகு ஆப்ஷன்ஸில் 'கரன்ட் டேட்டாபேஸ்' போய், டிஸ்ப்ளே ஃபார்மாக இந்த நேவிகேஷன் ஃபார்மையே தேர்ந்தெடுங்கள். இடப்பக்கப் பட்டியலை மறைக்கும் வசதியும் அங்கேயே உண்டு.

ஆனால் மெனுவில் வேறு பொத்தானை அழுத்தினால் முந்தைய ஃபார்ம் மூடிவிடும். தீபாவளி நெரிசலில் பாதி பில்லோடு தவிக்கக்கூடாது. ஆகவே பில் ஃபார்மைத் தனியாகத் திறக்க வையுங்கள்.

ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி கோப்பைத் திறந்தால் மறைத்ததெல்லாம் தெரியும்; டேபிளையும் மாற்றிவிடலாம். எனவே தினமும் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.