உழவு இயந்திரத்தின் தேய்ந்த இறுக்குங் கப்பியை மாற்றுதல்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் காலபோக நெற்செய்கை வடகீழ்ப் பருவமழையை நம்பியே நடைபெறுகின்றது. மழைக்கு முன்னர் உழுது விதைக்க வேண்டிய நாட்களில் இருசில்லு உழவு இயந்திரம் பழுதுற்று நிற்குமாயின் விதைப்புப் பிந்தும். வழுக்கும் பெல்ற் எரிபொருளையும் வீணாக்கும். 2022ஆம் ஆண்டின் எரிபொருட் தட்டுப்பாட்டைக் கண்ட கமக்காரருக்கு இதன் நட்டம் நன்கு தெரியும்.

தொழிற்படும் முறை

ஆப்பு வடிவப் பெல்ற்றுகள் எஞ்சினின் வலுவைக் கிளச்சுக் கப்பிக்குக் கொண்டு செல்கின்றன. அவற்றின் பக்கங்களே கப்பியின் தவாளிப்பைப் பற்றுகின்றன. சில இயந்திரங்களில் ஒரு சிறு கப்பி பெல்ற்றை அழுத்தி இறுக்கும். வேறு சிலவற்றில் எஞ்சினையே நகர்த்தி இறுக்குவர். பழைய மொறிஸ் மைனர் கார்களில் டைனமோவை நகர்த்தி விசிறிப் பெல்ற்றை இறுக்குவதும் இத்தகையதே.

பழுதின் அறிகுறிகள்

சுமை ஏறியதும் கீச்சிடும் ஓசை, கருகிய இறப்பர் மணம், எஞ்சின் விரைந்தும் சில்லுத் தளர்ந்து சுழலுதல் என்பன பெல்ற் வழுக்குவதைக் காட்டும். கப்பியைக் கையாற் சுழற்றும்போது கரகரப்போ ஆட்டமோ காணப்படின் அதன் பேரிங் தேய்ந்துள்ளது. அதனை மாற்றாது பெல்ற்றை மட்டும் மாற்றினால் புதிய பெல்ற்றும் விரைவிற் கெடும்.

மாற்றும் முறை

1. எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, காப்புத் தகட்டைக் கழற்றுக.
2. இறுக்குங் கப்பியின் போல்ற்றைத் தளர்த்திப் பெல்ற்றுகளை எடுக்குக. திருகாணிச் சாவியால் நெம்புதல் கூடாது.
3. தவாளிப்புகளிற் படிந்த செம்மண்ணையும் எண்ணெயையும் துடைக்குக. தவாளிப்பின் அடி பளபளத்தால் பெல்ற் அடியைத் தொடுகின்றதென அறிக.
4. புதிய பேரிங் அல்லது கப்பியைப் பொருத்துக. எல்லாப் பெல்ற்றுகளையும் ஒருங்கே மாற்றுக. பழையதும் புதியதும் சமமாகச் சுமை தாங்கா.
5. கப்பிகள் ஒரே நேர்கோட்டில் உள்ளனவா என நூல் பிடித்துப் பார்க்குக.

இறுக்கத்தின் அளவு

பெல்ற்றின் நடுவிற் பெருவிரலால் உறுதியாக அழுத்துக. இரு கப்பிகளுக்கும் இடைத்தூரம் 50 சென்ரிமீற்றராயின் ஏறக்குறைய 8 மில்லிமீற்றர் அமிழ்தல் போதியது. இயந்திரத்தின் கைந்நூல் வேறு அளவு கூறின் அதனையே கொள்க. மிகையாக இறுக்கினால் பேரிங்கும் தண்டும் கெடும். புதிய பெல்ற் சிறிது நீளுமாதலால் சில மணி நேரம் ஓடியபின் மீண்டும் சோதித்தல் அவசியமாகும்.

எச்சரிக்கை

ஓடும் பெல்ற்றிற் கை வைத்தலும், வழுக்கலைத் தடுக்கச் சவர்க்காரம் பூசுதலும் தகா. காப்புத் தகட்டை மீளப் பூட்டாது எஞ்சினை இயக்கற்க. சாரத்தின் தலைப்பு அகப்பட்டாலும் ஊறு பெரிதாகும். போகத்துக்கு முன்னரே இவ்வேலையை முடித்து வைத்தல் நன்று.