தண்ணீருக்கும் ஒரு கணக்கு நோட்டு



சேமிப்பு எவ்வளவு, கடன் பாக்கி எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று கேட்டால் பட்டென்று சொல்லிவிடுவோம். "நேத்து உங்க வீட்டுல எத்தனை குடம் தண்ணி செலவாச்சு?" என்று கேட்டால் யோசிப்போம். இத்தனைக்கும் அந்தக் குடத்தைச் சுமந்தது நம்ம இடுப்புதான்!

கோடையில் தண்ணீர் குறைந்தால் நாம் என்ன செய்கிறோம்? பிள்ளைகள் குளிக்கணும், மாடு குடிக்கணும், சோறு ஆக்கணும். கடைசியில் நாம் குடிக்கிற தண்ணியைத்தான் குறைக்கிறோம். அதனால் நீர்க்கடுப்பு, மலச்சிக்கல், தலைவலி வருகின்றன. இதற்குப் பெயர் சிக்கனம் இல்லை. வீணாகிற இடத்தில் மிச்சம் பிடிப்பதுதான் சிக்கனம். அந்த இடம் எது என்று கணக்குப் பார்த்தால்தான் தெரியும்.

ஒரு நாள் கணக்கு

குடிக்க, சமைக்க, குளிக்க, பாத்திரம், துணி, கழிப்பறை, மாடு என்று தனித்தனியாக எழுதுங்கள். ஒரு குடம் செலவானால் ஒரு கோடு. வீட்டு ஆம்பளைங்களையும் கோடு போடச் சொல்லுங்கள். பெரிய பிளாஸ்டிக் குடம் சுமார் 15 லிட்டர் பிடிக்கும். 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு, கிராமத்தில் ஒருவருக்கு நாளைக்கு 55 லிட்டர். 5 பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர், அதாவது சுமார் 18 குடம். உங்கள் கோடுகள் எத்தனை?

சொட்டும் குழாய்

"சொட்டுதானே, போகட்டும்" என்று விடாதீர்கள். குழாய்க்கு அடியில் 200 மில்லி டம்ளர் ஒன்றை வையுங்கள். கால் மணி நேரத்தில் நிறைந்தால், ஒரு நாளைக்கு 96 டம்ளர். அது 19 லிட்டர், ஒரு குடத்துக்கும் மேலே! மாதத்துக்கு 38 குடம். வாஷரை மாற்றினால் பெரும்பாலும் நின்றுவிடும். தெருக்குழாய் என்றால் பஞ்சாயத்தில் சொல்லுங்கள்.

ஒரே தண்ணி, இரண்டு வேலை

* பாத்திரத்தை ஓடுகிற குழாயில் கழுவாமல் இரண்டு தொட்டியில் அலசுங்கள். இரண்டாவது தொட்டித் தண்ணி அடுத்த தடவை முதல் அலசலுக்கு ஆகும்.
* அரிசி, பருப்பு கழுவிய தண்ணி மாட்டுக்கு.
* துணியைக் கடைசியாக அலசிய தண்ணி கழிப்பறைக்கு.
* குளித்த தண்ணியை வாய்க்கால் வெட்டி வாழைக்கும் தென்னைக்கும் விடுங்கள். சோப்புத் தண்ணியைக் கீரைப் பாத்திக்கு விட வேண்டாம்.

ஒன்று மட்டும் கவனம்! குடிப்பதிலும் கை கழுவுவதிலும் மிச்சம் பிடிக்கக் கூடாது.

கூரையில் விழும் குடங்கள்

20 அடிக்கு 15 அடி உள்ள ஓட்டு வீடு அல்லது தளத்து வீடு என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 280 லிட்டர் விழும். கொஞ்சம் வீணானாலும் 15 குடம் கிடைக்கும். யாரும் சுமக்க வேண்டாம்!

முதல் மழையில் கூரை கழுவிப் போகட்டும். அதன் பிறகு துணியில் வடிகட்டிப் பிடியுங்கள். பாத்திரத்துக்கும் துணிக்கும் ஆகும். குடிப்பதற்கு என்றால் கொதிக்க வைக்கணும். தொட்டியைத் துணியால் இறுக்கி மூடுங்கள். வாரம் ஒருமுறை காலி செய்து தேய்த்துக் கழுவுங்கள். இல்லாவிட்டால் டெங்கு கொசு குடி வந்துவிடும்.

தமிழ்நாட்டில் 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அப்போது போட்ட குழாயும் குழியும் இன்று எப்படி இருக்கின்றன? மண் அடைத்திருந்தால் புரட்டாசிக்குள் தூர் வாருங்கள். ஐப்பசி மழை நமக்காகக் காத்திருக்காது.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுவோம்

1. எந்த வேலைக்கு அதிகக் கோடு விழுந்தது?
2. நம் தெருவில் எத்தனை குழாய் சொட்டுகிறது? யார் போய்ச் சொல்வது?
3. ஒரு மாதத்தில் எத்தனை குடம் மிச்சம்?

சகோதரிகளே, மிச்சமான முதல் குடத்திலிருந்து ஒரு சொம்பு தண்ணி மொண்டு, முதல்ல நீங்க குடிங்க!