யாரும் பார்க்காத கரை

ஏரிக்கரை மேல் நடந்திருப்பீர்கள். அது மண்ணால் ஆன அணைதான். அமெரிக்காவிலும் மண் அணைகள் உண்டு. அங்குள்ள அணைகளில் பாதிக்கு மேல் தனியாருக்குச் சொந்தம். பல ஏரிகள் பாசனத்துக்கு அல்ல. மீன் பிடிக்க, படகு விட, பொழுது போக்க.

ஜார்ஜியா மாநிலத்தில் டொக்கோவா என்ற ஊர் உள்ளது. அங்கே 186 அடி உயர அருவி ஒன்று விழுகிறது. அருவிக்கு மேலே கெல்லி பார்ன்ஸ் ஏரி இருந்தது. கீழே ஒரு கல்லூரி. ஏரியும் கல்லூரிக்கே சொந்தம். ஓடைக்கரையில் மாணவர்கள் குடும்பத்தோடு வாழ்ந்தார்கள்.

முதலில் 1899இல் கல்லும் மரச்சட்டமும் வைத்து அங்கே ஒரு சிறு அணை கட்டினார்கள். பிறகு மின்சாரம் எடுப்பதற்காக மண் கொட்டிக் கரையை உயர்த்தினார்கள். உயரம் சுமார் 40 அடி. 1957இல் மின்சாரம் எடுப்பது நின்றது. அதன்பின் ஏரி பொழுதுபோக்குக்கு மட்டுமே. வேலை செய்யும் அணைக்கு ஆள் வருவார். விளையாட்டு ஏரியின் கரையை யார் போய்ப் பார்ப்பார்?

கரையின் சரிவில் மரங்கள் வளர்ந்தன. நிழல் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் மண் கரைக்கு மரம் ஆகாது. மரம் பட்டுப்போனால் வேர் மக்கும். வேர் இருந்த இடம் பொந்தாகும். அதன் வழியே தண்ணீர் கசியும். கசிவு தெளிவாக வந்தால் கவனிக்க வேண்டும். கலங்கி வந்தால் ஆபத்து. கரையின் மண்ணே உள்ளிருந்து கரைந்து போகிறது என்று பொருள். இந்தக் கரையின் வெளிச்சரிவில் மண் சரிந்திருந்தது. 1973இல் எடுத்த படத்திலேயே அது தெரிகிறது.

1977 நவம்பரில் சில நாட்கள் பலத்த மழை. 6ஆம் தேதி அதிகாலை 1.30 மணிக்குக் கரை உடைந்தது. பெரும்பாலோர் தூக்கத்தில் இருந்தார்கள். 39 பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு. நிபுணர்கள் ஆராய்ந்தார்கள். இதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் அவர்களால் சொல்ல முடியவில்லை.

உடனே குடியரசுத் தலைவர் கார்ட்டர் ஓர் ஆணை போட்டார். கீழே மக்கள் வாழும் தனியார் அணைகளையும் அரசுப் பொறியாளர்கள் சோதிக்க வேண்டும் என்றார். 1981 வரை சுமார் 8,800 அணைகளைப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்கு பாதுகாப்பற்றவை! ஜார்ஜியா 1978இல் அணைப் பாதுகாப்புக்குத் தனிச் சட்டம் இயற்றியது. கெல்லி பார்ன்ஸ் கரையை மீண்டும் கட்டவில்லை.

பேசிப் பாருங்கள்:
உங்கள் ஊர் ஏரிக்கரையில் மரம் வளர்ந்திருக்கிறதா? மழைக்காலத்தில் கரையைச் சுற்றிப் பார்ப்பவர் யார்?