பட்டினியில் பெருக்கும் சுரப்பி

காலையில் வெறும் டீயோடு ஒர்க்‌ஷாப்புக்கு ஓடி வருகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

செங்கல்பட்டு ஏரிப்பாசனத்தில் விளைவது நெல். மாமல்லபுரம் கரையிலும் மீனுக்குத் துணை சோறுதான். அந்த அரிசியை நன்றாகத் தீட்டிப் புறாக்களுக்குப் போட்டுப் பார்த்தார் ராபர்ட் மெக்கரிசன். இடம் நம்ம குன்னூர், 1919 வாக்கில். தவிடு போன அரிசியில் பி வைட்டமின் ஏது? பசியும் செத்துப்போய்ப் புறாக்கள் மெலிந்தன. தைமஸ், மண்ணீரல் எல்லாம் சுருங்கின. அட்ரினல் சுரப்பி மட்டும் பெருத்திருந்தது!

காரணம் இதுதான். சாப்பாடு குறைந்தால் இரத்தச் சர்க்கரை இறங்கும். மூளையடியிலுள்ள பிட்யூட்டரி, அட்ரினலை முடுக்கும். அதன் ஹார்மோன் தசைப் புரதத்தைக் கரைத்துச் சர்க்கரையாக்கும். கூரை மரத்தைப் பிடுங்கி அடுப்பெரிக்கிற கதைதான். ஓயாமல் முடுக்கினால் சுரப்பி பெருக்காமல் என்ன செய்யும்? தைமஸைச் சுருக்குவதும் அதே ஹார்மோன்தான். நோயை எதிர்க்கும் சக்தியும் கூடவே போகிறது.

புறாவுக்கு வந்தது மனுஷனுக்கும் வருமா என்பீர்கள். குன்னூர் ஆய்வகம் 1958இல் ஐதராபாத்துக்கு மாறியது. அங்கே சேலத்துக்காரர் சி. கோபாலன் குழுவினர், சத்துக்குறைந்த குழந்தைகளின் இரத்தத்தில் கார்ட்டிசால் கூடியிருப்பதை 1968இல் எழுதினார்கள். எலும்பும் தோலுமான பிள்ளைகளிடம் அது இன்னும் அதிகம்.